அமெரிக்க நகரங்களின் 'யார் பெரியவர்' சண்டை: ஜெயிப்பது யார், செலவு யாருக்கு?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் வெளிவந்தபோது பிலடெல்பியா ஒரு படி இறங்கியது. அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம் என்ற இடத்தை அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் பீனிக்ஸ் பிடித்துக்கொண்டது. பீனிக்ஸில் 16,08,139 பேர். பிலடெல்பியாவில் 16,03,797 பேர். வித்தியாசம் வெறும் 4,342.

ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. சுற்றியுள்ள புறநகர்களையும் சேர்த்து 'பெருநகரப் பகுதி' என்று எண்ணும் பட்டியல் அது. அதில் பிலடெல்பியா 62 லட்சம், பீனிக்ஸ் 48 லட்சம். கிட்ட நெருங்கவே முடியாத இடைவெளி.

ஒரே ஆண்டு, ஒரே கணக்கெடுப்பு. ஆனால் ஒரு பட்டியலில் ஒருவர் ஜெயிக்கிறார், இன்னொன்றில் மற்றவர். எப்படி? பீனிக்ஸ் மாநகராட்சியின் பரப்பு சுமார் 1,340 சதுர கிலோமீட்டர். பிலடெல்பியா சுமார் 350 தான். நாலு மடங்கு பெரிய வலையை வீசினால் மீனும் கொஞ்சம் கூடத்தானே விழும்?

நியூயார்க்கா சிகாகோவா, டல்லாஸா ஹூஸ்டனா, சான் பிரான்சிஸ்கோவா லாஸ் ஏஞ்சலஸா என்று அமெரிக்கர்கள் பேஸ்பால் முதல் பீட்சா வரை சண்டை போடுவார்கள். அது ஜாலியான பகுதி. அதற்கு அடியில் பணம் சம்பந்தப்பட்ட இன்னொரு சண்டை ஓடுகிறது. அதில் யார் ஜெயிக்கிறார், யார் செலவைச் சுமக்கிறார் என்பதை, வரைபடத்தில் போட்ட கோடுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் யோசனை உங்களுக்கு இருந்தால், அந்தக் கோடு உங்கள் விசா வரைக்கும் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அப்போ மூன்றாவது இடம் யாருக்கு?

நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸுக்கு அடுத்த மூன்றாவது இடத்தில் இப்போது சிகாகோ. ஹூஸ்டன் எப்போது அதை முந்தும் என்பது அங்கே அடிக்கடி வரும் தலைப்புச் செய்தி. 2020 கணக்குப்படி சிகாகோவில் 27.5 லட்சம் பேர், ஹூஸ்டனில் 23 லட்சம் பேர்.

பரப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிகாகோ சுமார் 590 சதுர கிலோமீட்டர். ஹூஸ்டன் சுமார் 1,650. ஒரு சதுர கிலோமீட்டருக்கு சிகாகோவில் ஏறக்குறைய 4,650 பேர், ஹூஸ்டனில் 1,400 பேர்கூட இல்லை. பெருநகரப் பகுதி என்று எடுத்தால் சிகாகோ 96 லட்சம். மூன்றாவது இடத்தில் அதுவேதான். ஆனால் அடுத்து நிற்பது ஹூஸ்டன் இல்லை, 76 லட்சம் பேருடன் டல்லாஸ்–போர்ட் வொர்த். மாநகராட்சிப் பட்டியலில் டல்லாஸ் வெறும் 13 லட்சம்.

இன்னொரு வேடிக்கை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பெரிய நகரம் எது? சான் பிரான்சிஸ்கோ என்றுதான் பலரும் சொல்வார்கள். 2020 கணக்குப்படி அங்கே 8.7 லட்சம் பேர். பக்கத்திலிருக்கும் சான் ஹோசேயில் 10.1 லட்சம். 1990 கணக்கெடுப்பிலேயே சான் ஹோசே முந்திவிட்டது.

கோட்டை நகர்த்தியே ஜெயித்த கதை

இந்த வித்தை புதிதில்லை. 1889-ல் சிகாகோ தன்னைச் சுற்றியிருந்த ஊர்களை ஒரே மூச்சில் இணைத்துக்கொண்டது. பரப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடியது. சுமார் இரண்டேகால் லட்சம் பேர் ஒரே நாளில் 'சிகாகோவாசிகள்' ஆனார்கள். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சிகாகோவில் 11 லட்சம் பேர். பிலடெல்பியாவைத் தள்ளிவிட்டு இரண்டாவது இடம். அதே 1890-ல், நியூயார்க், வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் மூன்றையும் தோற்கடித்து, 1893 உலகக் கண்காட்சியை நடத்தும் வாய்ப்பையும் நாடாளுமன்றத்தில் வாங்கிவிட்டது.

15 லட்சம் பேருடன் முதலிடத்தில் இருந்த நியூயார்க்குக்கு இப்போது பயம் வந்தது. சிகாகோ இதே வேகத்தில் போனால்? மன்ஹாட்டனோடு புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நகரமாக்க வேண்டும் என்று ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த யோசனைக்கு வேகம் பிடித்தது. துறைமுகம், தண்ணீர், பாலம் என்று வேறு காரணங்களும் இருந்தன. சிகாகோ பயமும் அதில் ஒன்று. 1898-ல் இணைப்பு நடந்தது. நியூயார்க் 34 லட்சம் பேர் கொண்ட நகரமானது.

அப்போது புரூக்ளின் தனி நகரம். நாட்டிலேயே நான்காவது பெரியது. 1894-ல் அங்கே நடந்த வாக்கெடுப்பில் இணைப்புக்கு ஆதரவு வெறும் 277 ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. 2020 கணக்கெடுப்பில் புரூக்ளினில் 27.36 லட்சம் பேர் இருந்தார்கள், அதாவது கிட்டத்தட்ட சிகாகோ அளவு. அந்த 277 ஓட்டு மாறி விழுந்திருந்தால் இன்றைய பட்டியலே வேறாக இருந்திருக்கலாம்.

கோட்டை நகர்த்தாமல் மாட்டிக்கொண்ட ஊர்

செயின்ட் லூயிஸ் நேர் எதிராகச் செய்தது. 1870-களில் சிகாகோவின் முக்கியப் போட்டியாளர் அந்த நகரம்தான். 1876-ல், 'கிராமப்புறத்துக்கு நம் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?' என்ற மனநிலையில், தன்னைச் சுற்றியிருந்த கவுண்டியிலிருந்து தனியாகப் பிரிந்துகொண்டது. எல்லை சுமார் 160 சதுர கிலோமீட்டரில் உறைந்துபோனது.

அப்போது அது லாபக் கணக்காகத் தெரிந்தது. பிறகு கார் வந்தது, நெடுஞ்சாலை வந்தது, வசதியுள்ளவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார்கள். வெள்ளையர்கள் கூட்டமாக வெளியேறியதும், கருப்பினத்தவருக்குப் பல இடங்களில் வீடு மறுக்கப்பட்டதும் இதே காலத்தில் நடந்தவை. 1950-ல் 8.57 லட்சம் பேர் இருந்த நகரத்தில் 2020-ல் 3.02 லட்சம் பேர். பெருநகரப் பகுதியிலோ இன்றும் 28 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆட்கள் எங்கேயும் போய்விடவில்லை, கோட்டைத் தாண்டிப் போனார்கள். அவர்களின் சொத்து வரியும் கூடவே போனது. பழைய குழாய், பழைய பள்ளிக்கூடம், பழைய சாலை எல்லாவற்றின் பராமரிப்பும் மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'அதிகக் கொலை நடக்கும் நகரங்கள்' பட்டியலில் செயின்ட் லூயிஸ் பல ஆண்டுகள் முன்வரிசையில் வந்திருக்கிறது. அங்கே வன்முறை இருப்பது உண்மை. ஆனால் அந்த விகிதம் 3 லட்சம் பேரை வைத்துப் போடப்படுகிறது. அமைதியான புறநகர்களையும் உள்ளே வைத்திருக்கும் அகலமான நகரத்தோடு ஒப்பிட்டால், இந்த ஊர் எப்போதும் மோசமாகத்தான் தெரியும்.

இன்றைய சண்டை: கம்பெனி யாருக்கு?

இப்போது எல்லையை நகர்த்துவது கடினம். அதனால் நகரங்கள் கம்பெனிகளை நகர்த்தப் பார்க்கின்றன. கம்பெனி வந்தால் சொத்து வரி, விற்பனை வரி, சம்பளக்காரர்கள் எல்லாம் பின்னாலேயே வருவார்கள் என்பது கணக்கு.

2001-ல் போயிங் தன் தலைமையகத்தை சியாட்டிலிலிருந்து மாற்றப்போவதாக அறிவித்தது. சிகாகோ, டல்லாஸ், டென்வர் மூன்றும் போட்டியிட்டன. சிகாகோ ஜெயித்தது. 20 ஆண்டுகளுக்கு 6 கோடி டாலருக்கும் மேல் சலுகை, வந்தது சுமார் 500 வேலை. ஒரு வேலைக்கு 1.2 லட்சம் டாலர் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம். விமானம் தயாரிக்கும் பெரிய ஆலைகள் சியாட்டில் பக்கமே இருந்துவிட்டன. அந்த 20 ஆண்டு முடிந்த கையோடு, 2022-ல், போயிங் தலைமையகத்தை வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டது.

2017-ல் அமேசான் இதையே பகிரங்க ஏலமாக நடத்தியது. இரண்டாவது தலைமையகம், 50,000 வேலை, 500 கோடி டாலர் முதலீடு, யாருக்கு வேண்டும்? 238 விண்ணப்பங்கள் குவிந்தன. நியூவார்க் 700 கோடி டாலர் சலுகை தருவதாகச் சொன்னது. ஜார்ஜியாவில் ஸ்டோன்கிரெஸ்ட் என்ற சிறு நகரம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்து அதற்கு 'அமேசான்' என்றே பெயர் வைக்கத் தயாரானது.

2018-ல் முடிவு வந்தது: நியூயார்க்கும் ஆர்லிங்டனும். ஆர்லிங்டனுக்காக முன்வைக்கப்பட்ட நேரடிச் சலுகை சுமார் 57 கோடி டாலர்தான். நியூவார்க் தருவதாகச் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்கெனவே திறமையான ஆட்கள் இருந்த இடத்தையே அமேசான் தேர்ந்தெடுத்தது. நியூயார்க்கில் கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகைக்கு எதிர்ப்பு கிளம்பியதும், 2019 பிப்ரவரியில் அமேசான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், அந்தச் சலுகை எதுவும் இல்லாமலே, 1,500-க்கும் மேற்பட்டோர் வேலை பார்க்க மன்ஹாட்டனில் அலுவலக இடத்தை வாடகைக்கு எடுத்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் போக எவ்வளவு?

கூத்தின் உச்சம் கன்சாஸ் சிட்டி. இந்தப் பெருநகரத்தின் நடுவே இரண்டு மாநிலங்களின் எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் மிசௌரி, இன்னொரு பக்கம் கன்சாஸ். சில இடங்களில் எல்லை என்பது ஒரு தெரு, அவ்வளவுதான். 2011-ல் ஏஎம்சி திரையரங்கு நிறுவனம் மிசௌரியிலிருந்து கன்சாஸுக்குப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆப்பிள்பீஸ் உணவக நிறுவனம் கன்சாஸிலிருந்து மிசௌரிக்கு! இரண்டுக்கும் வரிச்சலுகை. ஊழியர்களில் பலருக்கு வீடு மாறவில்லை, ஆபீஸ் போகும் வழி மட்டும் மாறியது.

2019-ல் இரு மாநிலங்களும் 'இனி இப்படி இழுக்க மாட்டோம்' என்று உடன்பாட்டுக்கு வந்தன. ஐந்தே ஆண்டில் சண்டை விளையாட்டுக்குத் தாவியது. மைதானச் செலவில் 70 சதவீதம் வரை கடன் பத்திரம் மூலம் திரட்ட வழி செய்து 2024-ல் கன்சாஸ் சட்டம் போட்டது. 2025-ல் மிசௌரி பதிலுக்கு ஒரு சட்டம் போட்டது. அந்த டிசம்பரில் சீஃப்ஸ் கால்பந்து அணி கன்சாஸுக்குப் போவதாக அறிவித்தது. ரசிகர்கள் அதே ரசிகர்கள்தான்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?

டல்லாஸிலும் சான் ஹோசேயிலும் உங்களுக்கு ஆளுக்கொரு ஆஃபர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, எல்லாக் கம்பெனியும் அங்கேதான் போகிறது' என்று நண்பர்கள் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

முதலில் வரி. கலிபோர்னியாவின் உச்ச விகிதம் 13.3 சதவீதம். ஆனால் அது பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு. தனிநபராக 1.2 லட்சம் டாலர் சம்பளம் வாங்கினால் மாநில வருமான வரி ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர். வாடகை வித்தியாசமோ மாதம் 1,000 டாலரைச் சுலபமாகத் தொடும், அதாவது ஆண்டுக்கு 12,000. ஆக, டெக்சாஸின் பெரிய அனுகூலம் வரியைவிட வீடுதான். அங்கே வீடு கட்ட அனுமதி எளிது. ஹூஸ்டனில் வழக்கமான நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே இல்லை. ஆஸ்டினில் புதிய அடுக்குமாடிகள் ஏராளமாக எழும்பியதும் வாடகை இறங்கியது. அதே சமயம், டெக்சாஸில் வீடு வாங்கினால் சொத்து வரி கலிபோர்னியாவை விடக் கூடுதல் விகிதத்தில் இருக்கும்.

அடுத்து கம்பெனி. டெஸ்லா 2021-ல் தலைமையகத்தை ஆஸ்டினுக்கு மாற்றியது. 2023-ல் பொறியியல் தலைமையகத்தைக் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அறிவித்தது. ஆரக்கிள் 2020-ல் ஆஸ்டினுக்குப் போனது. 2024-ல் லாரி எலிசன் நாஷ்வில்தான் உலகத் தலைமையகமாகும் என்றார். தலைமையக முகவரி ஒரு இடத்திலும், உங்கள் டீம் வேறு இடத்திலும் இருக்கலாம்.

மூன்றாவது, விசா. எச்-1பி-யில் உங்கள் குறைந்தபட்ச ஊதிய அளவு நீங்கள் வேலை செய்யும் பெருநகரப் பகுதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வேலையிடம் அந்த வட்டத்துக்கு வெளியே மாறினால் நிறுவனம் பொதுவாகத் திருத்த மனு போட வேண்டும். வேலை போனால் அடுத்த நிறுவனத்தைத் தேட உங்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளில், வீடு மாறாமல் போய்வரக்கூடிய தூரத்தில் உங்கள் துறையில் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். அந்த ஊர் 'மூன்றாவது பெரிய நகரமா' என்பது அங்கே உதவாது.

அடுத்த பட்டியல் வரும்போது

'இந்த நகரம் அந்த நகரத்தை முந்தியது' என்று செய்தி வரும்போது நாலு கேள்வி கேளுங்கள். எண்ணியது மாநகராட்சி எல்லையையா, பெருநகரப் பகுதியையா? பரப்பு எவ்வளவு? வந்த வேலை புதிதா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்ததா? சலுகையை யார் கட்டுகிறார்கள், எத்தனை ஆண்டுக்கு?

கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்பெனிக்குக் கிளம்பிப் போக ஒரு அறிவிப்பு போதும். சலுகைக்குப் போன வரிப்பணம் திரும்பி வருவதில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு மிஞ்சியது என்பதை, அங்கேயே வாழ்கிறவர்கள்தான் தெரிந்துகொள்கிறார்கள். நீங்கள் போய்க் குடியேறினால், அவர்களில் நீங்களும் ஒருவர்.