ஆறா, ஒன்பதா?

ஒரகடத்தில் ஷிப்டு மாறும் வேளையில் ரோட்டோரம் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டேயிருக்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் சிப்காட் பேட்டைகளில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உருவாகின்றன. இரும்புத் தகட்டை வளைத்து வடிவமாக்கும் பவர் பிரஸ் இல்லாமல் இவற்றில் ஒன்றும் நடக்காது. பவர் பிரஸ் இருக்கும் இடத்தில் விரல் நசுங்குவதும் உண்டு.

அப்படி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் வைத்தியம் செய்துவிட்டுச் சீட்டில் 'விரல் நசுங்கல்' என்று எழுதுகிறார். ரிக்கார்டு அறையில் அதற்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். வியாதிகளுக்கும் காயங்களுக்கும் உலகெங்கும் ஒரே மாதிரி எண் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஐ.சி.டி. என்று பெயர். 1893-ல் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளிவிவர நிபுணர் தயாரித்த மரணக் காரணப் பட்டியல்தான் இதற்கு மூலம். 1948 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் இதைக் கவனித்து வருகிறது. ஒன்பதாம் பதிப்பு போய்ப் பத்தாவது வந்தது. 2022 ஜனவரியில் பதினோராவதும் அமலுக்கு வந்துவிட்டது.

பழைய எண்ணைப் புதிய எண்ணாக்க ஓர் அட்டவணை இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1957-ல் அணா போய் நயா பைசா வந்தபோதும் அட்டவணை இருந்தது. ஆனால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசா யாருக்கு என்று கடைக்குக் கடை தகராறு!

இங்கே விஷயம் அதைவிடச் சிக்கல். அமெரிக்கா 2015 அக்டோபர் 1-ல் ஒன்பதிலிருந்து பத்துக்கு மாறியது. அதுவரை எந்த விரல் நசுங்கினாலும் 927.3 என்ற ஒரே எண். அவர்களுடைய புதிய புத்தகத்திலோ பத்து விரலுக்கும் தனித்தனி எண். பழைய ரிக்கார்டில் வெறும் 927.3 இருந்தால், அது இடக்கை மோதிர விரலா வலக்கைச் சுண்டு விரலா என்று எந்த அட்டவணை சொல்லும்? அமெரிக்கனின் விரலுக்கு எண் தேடும் இந்த உத்தியோகத்தைச் சென்னையில் உட்கார்ந்து நம் வீட்டுப் பிள்ளைகளே செய்கிறார்கள்.

புதியது என்றால் எப்போதும் நுட்பமானது என்றும் நம்பிவிட வேண்டாம். ஒன்பதாம் பதிப்பில் உலோக வேலை யந்திரத்தால் வந்த விபத்துக்கு ஈ 919.3 என்று தனி இடம் இருந்தது. பத்தாவதின் உலகப் பொதுப் பதிப்பில் புல் வெட்டும் யந்திரத்துக்குத் தனி எண் உண்டு. பவர் பிரஸ்ஸுக்கு இல்லை. டபிள்யூ 31, அதாவது 'மற்ற யந்திரங்கள்' என்ற கும்பலோடு கும்பலாக அதைத் தள்ளிவிட்டார்கள். ஒரகடத்தில் எத்தனை பேர் புல் வெட்டுகிறார்களோ, நமக்குத் தெரியாது.

ஆனாலும் அந்த டபிள்யூ 31-க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து இன்னோர் இலக்கம் போடலாம். 6 என்றால் தொழிற்சாலை அல்லது கட்டுமான இடம். 9 என்றால் இடம் குறிப்பிடப்படவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை எழுதாவிட்டால் குமாஸ்தா 9 தான் போட முடியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நஷ்டஈடு இந்த எண்ணைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை என்பது வாஸ்தவம். ஈ.எஸ்.ஐ.யில் முதலாளி தரும் விபத்து அறிக்கை வேறு இருக்கிறது. ஆனால் எந்த யந்திரம் எத்தனை விரலைத் தின்றது என்று ஒருநாள் ஆஸ்பத்திரிக் கணக்கைப் புரட்டுகிறவர் கண்ணில் 9 மட்டும் பட்டால், அந்த விபத்து வீட்டில் நடந்ததோ வயலில் நடந்ததோ என்று ஆகிவிடும். பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இராது.

பதினோராவதில் இடம் வலம் முதலிய விவரங்களைத் தனிக் குறியீடாகக் கோத்துச் சேர்க்க வசதி செய்திருக்கிறார்கள். நல்லதுதான். சேர்ப்பதற்கு விவரம் வேண்டுமே! கம்ப்யூட்டருக்குப் பணம் ஒதுக்குமுன், அவசர சிகிச்சைப் பிரிவின் மேஜையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு வாங்கி வைக்கட்டும். எந்தக் கை, எந்த விரல், எந்த யந்திரம், எந்த இடம் என்று நான்கு கோடுகள். எண் எத்தனை முறை மாறினாலும் அந்த நான்கு கோட்டில் எழுதியதைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கட்டும்.