இரவல் வீரம்

சாகசப் படமென்றால் அயல்நாட்டுக் கதையை இரவல் வாங்குவதே நம் படமுதலாளிகளின் வழக்கமாகிவிட்டது. குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. திருத்தணி 1960-ல் தமிழகத்துடன் இணையப் போராடிய ஸ்ரீ ம. பொ. சிவஞானம் எழுதிய வ. உ. சி. சரித்திரத்தைத் தழுவி, ஸ்ரீ பி. ஆர். பந்துலு 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார். வெள்ளையர் கம்பெனிக்கு எதிராய்க் கப்பல் விட்டுச் சிறையில் செக்கிழுத்த மெய்யான கடல் வீரம்! ஜனங்கள் பாராமுகமாயிருந்தனர், படம் நஷ்டமடைந்தது. அதே பந்துலு, 1935-ல் வெளிவந்த ‘காப்டன் பிளட்’ என்னும் ஹாலிவுட் படத்தைத் தழுவி 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ தந்தார், கொட்டகைகள் நிரம்பின. அயலாரிடம் தொழில் கற்பது இழிவன்று. கதாநாயகனையுமா கடன் கேட்பது? எல்லைக்காகச் சிறை புகுந்த திருத்தணிவாசிகளாவது, நம் மண்ணின் சாகசம் அடுத்த முறை திரைக்கு வருகையில் முதல் நாளே டிக்கட் வாங்குவார்களாக.