மரவள்ளி காக்கும் குளவி

குளவி புழுவைக் கொணர்ந்து கூட்டில் வைத்து ஓயாது கொட்டும் என்றும், கொட்டுண்ட புழு நாளடைவில் குளவியாகிவிடும் என்றும் நம் முன்னோர் கருதினர். ஆசிரியரிடம் பயிலும் மாணவன் ஆசிரியரைப் போலாவதற்கு இதனை உவமையாகவும் கூறுவர். உவமை இனியதே, ஆயினும் கூட்டினுள் நடப்பது வேறு. குளவி அங்கே முட்டையிடுகிறது. அதனின்று வெளிவரும் குஞ்சு, செயலற்றுக் கிடக்கும் புழுவைத் தின்று வளர்கிறது. கொடுஞ்செயலாகத் தோன்றும் இவ்வியல்பே சில குளவிகளை உழவர்க்குத் துணையாக்கியுள்ளது.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில், அரியூர் நாடு முதலிய மலைநாடுகளில், முன்னாளில் சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி வளர்கிறது. அதன் கிழங்கு மலையினின்று இறங்கி, சமவெளி ஆலைகளிற் சவ்வரிசியாகிறது. அந்த விளைச்சலை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன.

இப்பயிருக்குப் பகையாகத் தென்னமெரிக்காவிற் பிறந்த மாவுப்பூச்சியொன்று 2020-ஆம் ஆண்டிற் கேரளத்திற் காணப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் பரவிற்று. கொழுந்தில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும்; இலைகள் சுருண்டு குவியும். உடல்மேற் படிந்த வெண்மெழுகும் சுருண்ட இலையும் அதற்குக் கவசமாதலின், தெளிக்கும் மருந்து அதன்மேல் நன்கு படுவதில்லை.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவிற் புகுந்து, மரவள்ளியையே உணவாகக் கொண்ட மக்களை வாட்டியது. தாயகத்தில் இதனை அடக்கி வைத்திருப்பது யாதெனத் தேடிய அறிஞர், 1981-இல் பராகுவே நாட்டில் ஒரு குளவியைக் கண்டனர். எறும்பினும் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். அப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். கலிபோர்னியாவில் தைலமரத்தைத் துளைத்த வண்டினையும், அவ்வண்டின் முட்டைக்குள் முட்டையிடும் ஆஸ்திரேலியக் குளவியொன்றைக் கொண்டே அடக்கினர். மரப்பட்டைக்குள் மறைந்த புழுவை எம்மருந்து எட்டும்?

மரவள்ளிக் குளவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிலையத்தார் 2021-இல் பெனின் நாட்டினின்று வரவழைத்தனர்; 2022 மார்ச்சுத் திங்களில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விடுவித்தனர்.

இனிக் கடமை நம்முடையது. கடன்பட்டுப் பயிரிட்டவனிடம் ‘பொறுத்திரு’ என்பது எளிதன்று; அவன் அச்சம் நியாயமே. ஆனால் அவன் அஞ்சித் தெளிக்கும் நஞ்சு, மெழுகுக்குள் ஒளிந்த பகையை விட்டுத் திறந்த வெளியிற் பறக்கும் துணையைக் கொல்கிறது. குளவிக்கு வரப்புத் தெரியாது. ஒருவன் தெளித்தால் அண்டை வயலாரும் இழப்பர். ஆதலின் மருந்து தெளிப்பதா வேண்டாவா என்பதை ஊர் கூடி முடிவு செய்தலே முறை. குளவி வளர்த்து வழங்கும் பணியும் தொடக்க விழாவோடு நின்றுவிடலாகாது. மலைமேலுள்ள சிற்றூர்களுக்கும் அது ஆண்டுதோறும் எட்டவேண்டும்.

வயலுக்குச் செல்லும் மாணவர் கொழுந்தை விரித்துப் பார்க்கலாம். வெண்பூச்சிகளினிடையே உடல் உப்பிப் பழுப்பேறி இறுகிய சில தென்படும். ஒன்றிரண்டில் வட்டத் துளையும் இருக்கும். குளவி வெளிவந்த வாயில் அதுவே. அக்கொழுந்தின்மேல் மருந்து தெளிக்கவேண்டா என்று வீட்டிற் சொல்லுக.