"வா" என்றால் ஓடுகிறது நாய்! குற்றம் யார் மீது?

கள்ளக்குறிச்சி சேலம் மெயின் ரோட்டில் ஒரு மளிகைக்கடைக்காரர். என் நெடுநாளைய சிநேகிதர். ஆசை ஆசையாக ஒரு நாய் வளர்த்தார். பெயர் டைகர்.

ஒரு நாள் சாயந்திரம் கேட் திறந்து கிடந்தது. டைகர் ரோட்டுக்கு ஓடிவிட்டது. அவர் கடை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "கம்! கம்! டைகர், கம்!"

நாய் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. சேலம் பக்கமிருந்து கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்!

வீட்டில் அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. சின்னப் பையன் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்டானாம். "அப்பா, நீ கூப்பிட்டியே, அது ஏன் வரல?"

சிநேகிதருக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"முப்பது நாள் கேரண்டி!"

டைகரைப் பழக்க ஒரு ஆசாமி பைக்கில் வந்துபோனார். "முப்பது நாள்ல உங்க காலடியில கிடக்கும் சார், கேரண்டி!" என்றார். கேட்ட பணத்தைச் சிநேகிதர் கொடுத்தார்.

கழுத்தில் முள் காலர். கையில் பிரம்பு. "கம்" என்பார். வராவிட்டால் சங்கிலியை வெடுக்கென்று இழுப்பார். தாமதமாக வந்தால், வந்த பிறகு ஒரு அடி. "அப்பத்தான் சார் புத்தி வரும்!"

அவர் இருக்கும்வரை டைகர் பொம்மை மாதிரி நின்றது. தெருவே கைதட்டியது. ஆனால் நாய் கற்றுக்கொண்ட பாடம் என்ன? "கம்" என்ற சத்தம் வந்தால் பின்னாலேயே வலி வரும். கழுத்தில் சங்கிலி இருந்தால் வேறு வழியில்லை, போய்த்தான் ஆக வேண்டும். சங்கிலி இல்லாத அன்றைக்கு? ஓடிவிட வேண்டும்!

அதைத்தான் டைகர் செய்தது. படித்த பாடத்தைப் பிசகாமல் செய்தது. அந்தப் பையனின் கேள்விக்கு இதுதான் பதில்.

மலையில் பார்த்தேன்!

பிறகு ஒரு வேலையாகக் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போனேன். வெள்ளிமலை போகிற வழியில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு நாட்டு நாய். அது சரிவில் எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

"தோ... தோ..." என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். அம்பு மாதிரி வந்து காலடியில் நின்றது! மடியிலிருந்து களி உருண்டையில் ஒரு விள்ளல் கிள்ளிப் போட்டார். "போடா" என்றார். மறுபடி ஓடிவிட்டது.

"அடிச்சுப் பழக்கினீங்களா பெரியவரே?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அடிச்சா எட்டக்க நிக்கும் சார். எட்டக்க நிக்கிற நாயி எனக்கு எதுக்கு?"

மளிகைக்கடைச் சிநேகிதர் பணம் கொடுத்தும் கிடைக்காத பாடம், எனக்கு அந்த மலையில் இலவசமாகக் கிடைத்தது.

விஞ்ஞானமும் அதையே சொல்கிறது

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்பது நம் ஊர்ப் பழமொழி. நாய் விஷயத்தில் அது எடுபடாது.

2020ல் இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கூப்பிட்டால் வராத நாய்கள் போன்ற 63 நாய்களை எடுத்து 3 கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கரண்ட் ஷாக் கொடுக்கும் காலர். பழக்கியவர்கள் அந்தத் தொழிலில் பழுத்தவர்கள். இன்னொரு கூட்டத்துக்குத் தின்பண்டம், தட்டிக்கொடுத்தல் ஆகியவற்றுக்கே முக்கியத்துவம்.

முடிவு? ஷாக்கினால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. தின்பண்டம் வாங்கிய நாய்கள்தான் ஒரு தடவை சொன்னதுமே நன்றாகக் கேட்டன! வேல்ஸ் நாட்டில் 2010லேயே இந்த ஷாக் காலருக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

"நாய் ஓநாய் ஜாதி சார். அடக்கி ஆளலேன்னா அது நம்மளை ஆளும்" என்று சில ஆசாமிகள் அளப்பார்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆளும் என்ற பேச்சு, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்துக் கிளம்பியது. 1970ல் புத்தகம் எழுதி அதைப் பரப்பிய டேவிட் மீச் என்ற அமெரிக்க விஞ்ஞானியே பிறகு காட்டில் ஓநாய்களைக் கவனித்தார். அது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம் என்று 1999ல் எழுதித் தன் பழைய பேச்சைத் திருத்திக்கொண்டார். நம் ஊர் ஆசாமிகள்தான் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை!

எப்படிப் பழக்குவது?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமைதான் வேண்டும்.

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். "வா" என்றால் வீட்டில் எல்லோரும் "வா" என்றே சொல்ல வேண்டும். அப்பா "கம்", அம்மா "வாடா செல்லம்", பாட்டி "தோ தோ" என்று கூப்பிட்டால் நாய்க்கு என்ன புரியும்?

முதலில் வீட்டுக்குள்ளே, இரண்டு அடி தூரத்திலிருந்து கூப்பிடுங்கள். நாய் பசியாக இருக்கும் நேரம் நல்லது. வந்தவுடன் அவித்த முட்டையோ, கோழி ஈரலோ, நகக்கண் அளவு கொடுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடாது. அவை நாய்க்கு விஷம்.

வீட்டுக்குள் தவறாமல் வருகிறதா? இனி காலி மைதானம். லேசான 30 அடிக் கயிறு கட்டிக் கூப்பிடுங்கள். கயிறு இழுப்பதற்கு அல்ல, ஓடிப்போகாமல் இருப்பதற்கு. வந்ததும் தின்னக் கொடுத்து, மறுபடி விளையாட விடுங்கள். வந்தால் ஆட்டம் முடிந்தது என்று அது நினைக்கக் கூடாது. பெரியவர் "போடா" என்று அனுப்பினாரே, அதுதான் சூட்சுமம். பிறகு கோழி, வேறு நாய், பஸ் ஹாரன் என்று இடைஞ்சல் உள்ள இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

ஒரு தடவை கூப்பிட்டால் போதும். பத்துத் தடவை கத்தினால், பத்தாவது தடவைக்கு வந்தால் போதும் என்று அது நினைத்துக்கொள்ளும். குளிப்பாட்டவோ, ஊசி போடவோ, கட்டிப்போடவோ "வா" என்று கூப்பிடாதீர்கள். நீங்களே போய்ப் பிடித்து வாருங்கள். கைதவறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் நீங்கள் ஓடுங்கள். விளையாட்டென்று அது உங்களைத் துரத்தி வரும்.

முக்கியமான ஒன்று. எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள்! இவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் ரோட்டோரம் கயிறு இல்லாமல் விடாதீர்கள்.

"காவல் நாயை அடிச்சு வளர்த்தால்தானே முரடா இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முரடு திருடனை மட்டும் பார்த்துக் கடிக்காது. பால்காரரையும் கடிக்கும், வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். மலைப்பக்கம் போனால் இன்னொரு வம்பும் உண்டு. 1972ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டு மிருகத்தைத் துரத்தி விரட்டுவதும் வேட்டைக் கணக்குதான். கூப்பிட்டால் நிற்காத நாயைக் காப்புக்காட்டில் அவிழ்த்து விடலாமா?

50 ரூபாய் அபராதம்!

மிருகத்தை அடித்து வதைப்பதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் 1960ம் வருஷப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்! இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அந்தக் காசு தீர்ந்துவிடும். இதற்கு யார் பயப்படுவார்?

நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017ல் விதி போட்டார்கள். பிராணிகள் விற்கும் கடைகளுக்கு 2018ல் விதி வந்தது. பழக்குகிறேன் என்று வீடு தேடி வருகிறவர் மட்டும் எதைப் படித்தார், எப்படிப் பழக்குகிறார் என்று கேட்பார் இல்லை. தெருநாய்ப் பிரச்சினை 2025ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நாடே பேசியது. வீட்டு நாயைப் பற்றி அந்த அளவு பேச்சே காணோம்.

விதி வரட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமாகிவிட்டது. பக்கத்துத் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசி முகாமுக்கு ஜனங்கள் நாயோடு வருகிறார்கள். அதே இடத்தில் அரை மணி நேரம், "கூப்பிட்டால் வர நாயை எப்படிப் பழக்குவது?" என்று டாக்டர்கள் சொல்லிக்கொடுத்தால் என்ன? செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதிகாரிகள் மனம் வைப்பார்களா?

சிநேகிதர் இப்போது வேறு குட்டி வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை பைக் ஆசாமி இல்லை. பையன்தான் வாத்தியார். முந்தாநாள் கடைக்குப் போயிருந்தேன். பையன் "வா" என்றான். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து குட்டி உருண்டு புரண்டு ஓடிவந்தது. கையில் இருந்த முட்டைத் துண்டை அவன் நீட்டினான்.

சிநேகிதர் கல்லாவில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சில்லறை கொடுக்கக்கூட மறந்துவிட்டார்.