மொய் எழுதினால் அது செலவா? கணக்கு ஆப் மாற்றுபவர்கள் முதலில் பிரிக்க வேண்டிய 4 விஷயங்கள்!

"தம்பி, நான் வீட்டுக் கணக்கு எழுதிட்டிருந்த ஆப் நின்னுபோச்சு. பழைய கணக்கையெல்லாம் புது ஆப்புக்கு மாத்தினேன். போன வருஷம் வரவு 5,92,000, செலவு 6,38,000னு காட்டுது. 'சம்பாதிச்சதைவிட 46,000 கூடவா செலவு பண்ணுன? எங்க போச்சு?'ன்னு வீட்டுக்காரர் கேட்கிறார். நான் ஒத்த ரூபா வீணாக்கலை. தப்பு என் மேலயா, ஆப் மேலயா?"

ஆண்டிபட்டி சக்கம்பட்டியிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. கணவருக்குத் தறி வேலை, இவர் வீட்டிலேயே தையல். கணக்கு எழுதுவது இவர் பொறுப்பு. அதனால் கேள்வியும் இவர்மேல்தான் வந்து விழுகிறது.

அக்கா, தப்பு உங்கள் மேல் இல்லை. கூட்டலும் சரிதான். பிரித்த விதம்தான் சரியில்லை. இந்த மாதிரி ஆப்களில் பலவற்றுக்குத் தெரிந்தது இரண்டே பெட்டிகள். பணம் உள்ளே வந்தால் வரவு, வெளியே போனால் செலவு. நம் வீட்டுப் பணமோ கைமாற்று, நகைக்கடன், சீட்டு, செய்முறை என்று பல வழியில் போய்வருகிறது.

ஆப் போகும், கணக்கு இருக்கும்

இது ஆண்டிபட்டிக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 'மணி' என்ற தன் வீட்டுக் கணக்கு மென்பொருளின் விற்பனையை 2009-ல் நிறுத்தியது. 2007-ல் வந்த 'மின்ட்' அமெரிக்காவில் மிகப் பிரபலம். 2024 மார்ச்சில் அதையும் மூடினார்கள். நம் ஊரில் எஸ்.எம்.எஸ் படித்துச் செலவைக் காட்டிய 'வால்நட்' ஆப்பை, 2018-ல் கேபிட்டல் ஃப்ளோட் என்ற கடன் வழங்கும் நிறுவனம் வாங்கியது. பின்னர் அதன் பெயர் 'ஆக்ஸியோ' என மாறியது. இலவச ஆப் என்றால் இப்படி ஒருநாள் மூடப்படலாம், கைமாறலாம். அன்றைக்கு நம் கணக்கு நம் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த நான்கு விஷயங்கள்

வாசகி அனுப்பிய பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். 'செலவு' என்று விழுந்திருந்ததில் 2,77,000 ரூபாய் செலவே இல்லை.

1. நம் கணக்கிலிருந்து நம் கணக்குக்கு: 96,000 ரூபாய். கணவர் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்கு மாதம் 8,000 போகிறது. ஆப் இதை அவர் பக்கம் செலவாகவும், இவர் பக்கம் வரவாகவும் எழுதிவிட்டது. இடது பையிலிருந்து வலது பைக்குப் போன பணம் இது. இரண்டு பதிவையும் 'டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால், வரவிலும் 96,000 குறையும், செலவிலும் 96,000 குறையும்.

2. நகைக்கடன்: 80,000 ரூபாய். நகையை அடகுவைத்து வாங்கிய பணம் வரவில் விழுந்திருந்தது. எட்டு மாதம் கழித்து மீட்டபோது கட்டியது செலவில் விழுந்திருந்தது. வாங்கிய அசல் வருமானம் இல்லை, கட்டிய அசலும் செலவு இல்லை. வட்டியாகப் போன 4,800 மட்டும்தான் செலவு.

3. சீட்டு: 54,000 ரூபாய். ஏலச் சீட்டில், தள்ளு போக ஒரு வருடத்தில் கட்டிய தொகை. இன்னும் சீட்டு எடுக்கவில்லை. எனவே இது சேமிப்பு. ஒரு வார்த்தை: சீட்டு நடத்துபவர், 1982-ம் வருட சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்தவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாத சீட்டில், பணம் கைக்கு வரும்வரை அது சேமிப்பு என்று நம்ப முடியாது.

4. செய்முறை: 47,000 ரூபாய். கல்யாணம், காதணி விழா, வீடு குடிபுகுதல் என்று 14 விசேஷங்களுக்கு எழுதிய மொய். ஆப் இதை 'கிஃப்ட்' என்று போட்டிருக்கிறது. தேனி, மதுரைப் பக்கம் யாராவது இதைக் கிஃப்ட் என்பார்களா?

மொய் நோட்டு சொல்லும் பாடம்

நம் பக்கம் மொய் என்பது வட்டியில்லாக் கடன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் இதற்காகவே மொய் விருந்து வைக்கிறார்கள். மதுரை, தேனி மண்டபங்களில் கம்ப்யூட்டர் வைத்து மொய் எழுதி, கையோடு ரசீது கொடுப்பதும் வந்துவிட்டது. அந்த ரசீதில் பெயரோடு ஊரும் இருக்கும். ஏனென்றால், நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டும்.

வாசகியின் மொய் நோட்டைப் பிரித்துப் பார்த்தால், 47,000-ல் 29,000 ரூபாய், முன்பு இவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்ததைத் திருப்பிச் செய்தது. அதாவது, கடனை அடைத்தது. மீதி 18,000 புதிதாகச் செய்தது. அது வர வேண்டிய பணம்.

ஒரே மொய்யில் இரண்டும் கலந்திருக்கும். அவர்கள் நமக்கு 1,000 எழுதியிருப்பார்கள். நாம் 1,500 எழுதுவோம். இதில் 1,000 பழைய பாக்கி தீர்ந்தது, 500 புதிதாக ஏறியது. எனவே புது ஆப்பில் 'செய்ய வேண்டியது', 'வர வேண்டியது' என்று இரண்டு தனிக் கணக்குகள் தொடங்கி, இந்த 1,500-ஐ இரண்டு பதிவாக எழுதுங்கள். குறிப்பில் பெயர், ஊர், விசேஷம் மூன்றையும் சேருங்கள். யு.பி.ஐ-யில் அனுப்பினால் வங்கி மெசேஜில் பெயர் மட்டும்தான் வரும். பூக்காரருக்குக் கொடுத்த 500-ம், சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அனுப்பிய 500-ம் ஒரே மாதிரிதான் தெரியும்.

உங்கள் வீட்டில் விசேஷம் வைக்கும் வருடத்தில் இது இன்னும் முக்கியம். மூன்று லட்சம் மொய் வந்தால், ஆப் அதை வருமானம் என்று எழுதிவிடும். அந்த ஒரு வருடம் நீங்கள் பணக்காரர் மாதிரி தெரிவீர்கள். திருப்பிச் செய்யும் அடுத்த பத்து வருடமும் ஊதாரி மாதிரி தெரிவீர்கள். மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும்தான் உண்மையான செலவு.

வருமான வரிக்கும் இந்தக் குறிப்பு உதவும். கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. மற்ற விசேஷங்களில், சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் அல்லாதவர்கள் தந்த அன்பளிப்பு ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது வரிக்கணக்கில் சேரும். பெரிய தொகை வந்தவர்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது கணக்கைப் பாருங்கள்

செலவு: 6,38,000-ல் 2,77,000 போனால் 3,61,000.

வரவு: 5,92,000-ல் 96,000-ம் 80,000-ம் போனால் 4,16,000.

மிச்சம்: 55,000 ரூபாய்!

"அப்போ கையில 46,000 குறைஞ்சது பொய்யா?" என்று கணவர் கேட்பார். உண்மைதான். கையில் 46,000 குறைந்திருக்கிறது. ஆனால், சீட்டில் 54,000 ஏறியிருக்கிறது. மொய்ப் பாக்கி 29,000 தீர்ந்திருக்கிறது. வர வேண்டியது 18,000 இருக்கிறது. மூன்றும் சேர்த்து 1,01,000. அதில் 46,000 போனால், அதே 55,000. 'எங்க போச்சு?' என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வர வேண்டிய மொய்யை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள். அது அவர்கள் கையில் இல்லை, உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் நடக்கும்போதுதான் வரும்.

மாறும்போது செய்ய வேண்டியவை

* பழையதை அழிக்காதீர்கள். ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கும். சி.எஸ்.வி ஃபைலாக எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பிவையுங்கள். எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் அது திறக்கும்.

* ஐந்து வருடக் கதையையும் சுமக்காதீர்கள். கடைக்காரர்கள் புதுக்கணக்கு போடும்போது பழைய பேரேட்டை அப்படியே நகல் எடுப்பதில்லை. பாக்கியை மட்டும் கொண்டுவருவார்கள். நீங்களும் ஏப்ரல் 1 என்று ஒரு தேதி வையுங்கள். அன்று வங்கியில், கையில், சீட்டில், கடனில் எவ்வளவு என்று ஆரம்ப இருப்பு எழுதிவிட்டு, அதற்குப் பின் நடந்ததை மட்டும் ஏற்றுங்கள்.

* தேதியைப் பாருங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5. சில ஆப்களுக்கு அது மே 6. ஏற்றியதும், உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் இரண்டு, மூன்று செலவுகளின் தேதியைச் சரிபாருங்கள்.

* இரட்டைப் பதிவைத் தேடுங்கள். எஸ்.எம்.எஸ்-ஸிலிருந்து ஒருமுறை, வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து ஒருமுறை என ஒரே செலவு இரண்டு தடவை ஏறியிருக்கலாம். தேதி, தொகை இரண்டும் ஒன்றாக இருப்பவற்றைப் பாருங்கள்.

* தலைப்புகள் பத்து போதும். காய்கறி, மளிகை, பால் என்று முப்பது வைத்தால் மூன்றாவது வாரத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவோம்.

* பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். மாதக் கடைசித் தேதியில் ஆப் காட்டும் இருப்பும் பாஸ்புக் இருப்பும் ஒன்றாக இருந்தால், மாற்றம் முடிந்தது. இல்லையென்றால், எந்த மாதத்தில் பிரிகிறதோ அந்த மாதத்தை மட்டும் தேடினால் போதும்.

புது ஆப் தேர்ந்தெடுப்பவர்கள், டிரான்ஸ்ஃபர், கடன் கணக்கு, எக்ஸ்போர்ட் மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் 'க்னூகேஷ்' மென்பொருளில் இவை எல்லாமே உண்டு. பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்கள் ஆப்பைத் திறந்து, போன மாதச் செலவில் பெரிய ஐந்து பதிவுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பணம் தீர்ந்துபோனதா, இடம் மாறியதா என்று கேளுங்கள். பதிலைக் கமென்ட்டில் சொல்லுங்கள். பெயர்களையும் வங்கிக் கணக்கு எண்களையும் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அடுத்த வாரம்: நகைக்கடனைப் புதுப்பிப்பதா, மீட்பதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.