கடைக்குள் உணவகம் – நாற்காலி யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பசித்தவருக்குச் சோறிடுவதை அறமாகப் போற்றிய நாடு நம் நாடு. வழிப்போக்கருக்காகச் சத்திரம் கட்டினார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். காலம் மாறியது. சத்திரத்தின் இடத்திற்கு உணவு விடுதி வந்தது. இப்போதோ அரிசியும் பருப்பும் விற்கும் கடைக்குள்ளேயே உணவு விடுதி வந்துவிட்டது. பெருநகரங்களில் மட்டும் இருந்த பல்பொருள் அங்காடிகளை இன்று மாவட்டத் தலைநகர்களிலும் காண்கிறோம். ஒரு பக்கம் சோப்பும் சீயக்காயும். மறு பக்கம் தோசையும் காபியும். வாங்க வந்தவர் உண்கிறார். உண்ண வந்தவர் வாங்குகிறார்.

இதில் ஒரு வணிகக் கணக்கு இருக்கிறது. உட்கார்ந்து காபி குடித்தவர் உடனே வெளியேற மாட்டார். இன்னும் இரண்டு பொருள்களைக் கூடையில் போடுவார். குழந்தை பசியால் அழுதால் தாய் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். இரண்டு இட்லி கிடைத்தால் நின்று நிதானமாக வாங்குவாள். அமெரிக்காவின் காஸ்ட்கோ நிறுவனம் தன் கடைகளில் ஒரு ஹாட்டாக்கையும் ஒரு குளிர்பானத்தையும் சேர்த்து ஒன்றரை டாலருக்கு விற்கிறது. 1980களின் நடுவில் வைத்த அந்த விலையை இன்னும் ஏற்றவில்லை. இது தருமம் அன்று. ஆளைக் கடைக்கு வரவழைக்கும் வழி. இதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆதாயம் இல்லாமல் எந்த வணிகரும் கடை நடத்த முடியாது. என் கேள்வி வேறு. கடைக்குள் போட்டிருக்கும் அந்த நாற்காலியில் யார் யார் உட்காரலாம்?

இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தவர்கள் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களே. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஓர் ஊர். அங்கே உல்வொர்த் என்னும் பெரிய கடை. வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். கடைக்குள்ளேயே நீண்ட மேடையும் அதன் முன்னே வரிசையாக இருக்கைகளும் கொண்ட சிற்றுண்டிப் பிரிவு இருந்தது. கறுப்பின மக்கள் கடையில் எந்தச் சாமானையும் வாங்கலாம். அவர்கள் தந்த காசைப் பெட்டியில் போட்டுக்கொள்ளக் கடைக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சிற்றுண்டிப் பிரிவில் வெள்ளையரோடு சமமாக உட்கார்ந்து உண்ணக் கூடாது!

1960 பிப்ரவரி 1ஆம் நாள் எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு முதலாண்டு மாணவர்கள் அந்தக் கடைக்குள் நுழைந்தனர். பற்பசை போன்ற சில பொருள்களை வாங்கினர். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சிற்றுண்டி இருக்கைகளில் அமர்ந்து காபி கேட்டனர். ஒரு கடை, ஒரு முதலாளி. அங்கே செல்லுபடியான எங்கள் காசு இங்கே ஏன் செல்லாது என்பதுதான் அவர்களின் வாதம். காபி வரவில்லை. கடை மூடும் வரை அவர்கள் எழவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்து அமர்ந்தனர். நான்காம் நாள் கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. ஏச்சையும் இழிசொல்லையும் பொறுத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்தபடி அமர்ந்திருந்தனர். அந்த அமைதிப் போர் பல மாநிலங்களுக்கும் பரவியது.

1960 ஜூலை 25 அன்று கடை பணிந்தது. அன்று அந்த இருக்கையில் அமர்ந்து முதன்முதலில் உணவு பெற்றவர்கள் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்து வந்த கறுப்பின ஊழியர்கள்! மற்றவர்களுக்குப் பணி செய்த கைகள் அன்றுதான் அங்கே அமர்ந்து உண்டன.

1964இல் வந்த அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம், பொது உணவகங்களில் இனவேற்றுமை காட்டக் கூடாது என்றது. சில்லறைக் கடைகளின் உள்ளே இயங்கும் உணவகங்களுக்கும் இது பொருந்தும் என்று அந்தச் சட்டத்தில் தனியாக எழுதியிருக்கிறார்கள். அன்றைய சிற்றுண்டி மேடையின் ஒரு பகுதி இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடை இருந்த கட்டடமே 2010 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் சிற்றூர்களில் மளிகைக் கடையை ஒட்டியே டீக்கடை இருப்பதுண்டு. அங்கே சிலருக்குக் கண்ணாடிக் கிளாஸ், சிலருக்குத் தனிக் குவளை. சிலருக்குப் பெஞ்சு, சிலருக்குத் தரை என்று நடந்த கொடுமையை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். காசுக்குத் தீட்டில்லை, பெஞ்சுக்கு மட்டும் தீட்டாம்! நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைவதற்குச் சாதி, மதம், பால், பிறப்பிடம் எதுவும் தடையாகாது என்கிறது. கடையையும் உணவு விடுதியையும் ஒன்றாக வைத்துச் சொன்ன அறிஞர்கள் தெரிந்துதான் சொன்னார்கள்.

இன்று பல்பொருள் அங்காடியில் யாரும் சாதி கேட்பதில்லை. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் நாற்காலியின் கதை முடிந்துவிட்டதா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பெரிய கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். என் தேர்வுக் கட்டணம் அவள் சம்பளத்திலிருந்து வருகிறது. அந்தக் கடையின் மாடியில் அழகிய உணவகம் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அப்போதுதான் அக்காவுக்குச் சாப்பாட்டு வேளை. அவளும் அவளுடைய தோழிகளும் கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டாலும், சீருடையோடு மாடி நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் கட்டளை.

“இடத்துக்கு வாடகை உண்டு, வருமானம் தராத நாற்காலியை எப்படிப் போடுவது?” என்று வணிகர் கேட்பார். கணக்குப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் செயின்ஸ்பரி நிறுவனம், தன் கடைகளுக்குள் எஞ்சியிருந்த 61 சிற்றுண்டிச் சாலைகளையும் மூடப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. நாற்காலியே வேண்டாம் என்பது ஒரு கணக்கு. அது வணிகரின் உரிமை. ஆனால் போட்ட நாற்காலி காலியாகக் கிடக்கையில், அதில் உன் ஊழியர் உட்காரக் கூடாது என்பது எந்தக் கணக்கில் சேரும்? அதனால் ஒரு காசு நட்டம் உண்டா? வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற அச்சம்தான் காரணம். கிரீன்ஸ்பரோ கடைக்காரருக்கும் அதே அச்சம்தானே இருந்தது?

கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. நாளெல்லாம் நின்று கால் வீங்கிய பெண்களுக்கு அது பெரும் ஆறுதல். அது வேலை நேரத்து இருக்கை. சாப்பாட்டு நேரத்து இருக்கையையும் நாம் கேட்க வேண்டும். உணவகம் நடத்தும் ஒவ்வோர் அங்காடியும் தன் ஊழியர்களுக்கு அங்கே ஒரு மேசையாவது ஒதுக்கட்டும். கொண்டுவந்த சோற்றை உண்ணவும் இடம் தரட்டும். வேட்டி முனையில் காசு முடிந்து வரும் முதியவரும் தயங்காமல் உட்காரும்படி, விலையைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

தோழர்களே! நாளை பட்டம் பெற்று, சம்பளம் வாங்கி, அந்த நாற்காலிகளில் நாம் உட்காரப் போகிறோம். அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளர் முகம் சுளிப்பதில்தான் அச்சம் என்றால், அந்த வாடிக்கையாளர் நாமே. நாம் முகம் சுளிக்க வேண்டியது எதற்கு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். காபிக்குக் காசு கொடுக்கும்போது மேலாளரிடம் ஒரு கேள்வியைப் பணிவோடு கேளுங்கள்: “ஐயா, இங்கே வேலை பார்ப்பவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?”