சுழல் கருவியில் உண்மைச் சிக்கனம்

பள்ளித் தொழிற்கூடத்திற்குக் கையடக்க மின்சுழல் கருவி வாங்குவோர், விலையையும் பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் மட்டும் ஒப்பிடுதல் போதாது. நிமிடத்திற்கு 30,000 சுற்று என்னும் வேகம் மலிவான கருவியிலும் உண்டு. தண்டு தள்ளாடாமல் சுழல்கிறதா என்பதே முதன்மையான வினா. நேரான முனையொன்றைப் பொருத்தி ஓட்டுகையில் நுனி இரட்டையாகத் தோன்றுமாயின் அக்கருவியை விலக்குதல் நன்று.

24 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டுத்தட்டின் விளிம்பு, அவ்வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 38 மீட்டர் செல்கிறது. தள்ளாட்டத்தால் தட்டு உடையுமாயின் துண்டுகளும் அவ்வாறே பாயும்.

எப்போதேனும் மரத்தை மெருகிடுவதற்கு மலிவான கருவி போதும். மாணவர் நாள்தோறும் உலோகம் வெட்டுமிடத்தில், விலை மிகினும் உறுதியான கருவியே சிக்கனமாகும். எதை வாங்கினும், தட்டில் குறித்த உச்ச வேகத்தை மீறலாகாது. பாதுகாப்புக் கண்ணாடியின்றி இயக்கவும் கூடாது.